திங்கட்கிழமை மூச்சு

படிப்பை முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஆட்களை ஊதச் சொல்வது.

உயிர்வேதியியலில் முதுகலை முடித்துவிட்டுப் பெருமாநல்லூரில் வீட்டில் சும்மா இருந்தேன். அம்மா என் ஜாதகத்தைக் கையில் எடுத்திருந்தாள். அந்த நேரத்தில் கல்லூரிப் பேராசிரியை போன் செய்தார். பஞ்சுத் தூசியில் வேலை செய்கிறவர்களின் நுரையீரல் மூன்று வருடத்தில் எப்படி மாறுகிறது என்று பார்க்க ஓர் ஆய்வு தொடங்குகிறார்கள், களத்தில் சுற்ற ஆள் வேண்டுமாம், போகிறாயா என்றார். நேர்காணலில், ஆய்வை நடத்துகிற டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, ஸ்கூட்டி ஓட்டத் தெரியுமா என்பது. இரண்டாவது கேள்வி, சத்தம் போட்டுப் பேச வருமா என்பது.

இரண்டாவது கேள்வியின் அர்த்தம் வேலையில் சேர்ந்த பிறகுதான் புரிந்தது. ஸ்பைரோமீட்டர் என்பது கைக்கு அடக்கமான ஒரு கருவி. அதன் முனையில் அட்டைக்குழல் ஒன்றைச் செருகி, மூக்கில் கிளிப் மாட்டி, நெஞ்சு முட்ட மூச்சை இழுத்து, ஒரே வீச்சில் ஊத வேண்டும். ஊதிவிட்டு நிறுத்தக் கூடாது. நுரையீரலின் அடியில் கிடக்கிற கடைசிக் காற்று வரைக்கும், குறைந்தது ஆறு விநாடி விடாமல் ஊத வேண்டும். எதிரில் நின்று யாராவது கத்திக்கொண்டே இருந்தால்தான் மனிதர்கள் அப்படி ஊதுவார்கள். "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விட்றாதீங்க, இன்னுங் கொஞ்சம்" என்று நாள் முழுக்கக் கத்துவேன். சாயங்காலம் வீடு திரும்பும்போது என் தொண்டைதான் கட்டியிருக்கும்.

அவளை முதலில் பார்த்தது திருப்பூரில், மண்ணரைப் பக்கம் ஒரு வேஸ்ட் குடோனில். கம்பெனிகளில் பனியன் துணியை வெட்டும்போது விழுகிற துண்டுகள் மூட்டை மூட்டையாக அங்கே வந்து சேரும். பெண்கள் தரையில் உட்கார்ந்து அவற்றை நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். பிறகு அது மறுபடியும் பஞ்சாக அடிபட்டு நூலாகும். தகரக் கூரைக்குக் கீழே காற்றே கண்ணுக்குத் தெரியும் இடம் அது. ஜன்னல் வழியாக வெயில் விழுந்தால் அந்தப் பட்டைக்குள் இழைகள் மிதப்பதைப் பார்க்கலாம்.

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. உங்கள் பெயர் எங்கேயும் வெளியே வராது என்று ஒப்புதல் படிவத்தில் எழுதி, அதை நானே அவளுக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். ஆய்வு முடிந்துவிட்டது என்பதற்காக அந்த உறுதியும் முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஒடிசாவிலிருந்து வந்தவள். தன் ஒடியா எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். தலைக்கு மேல் குடை பிடித்த மாதிரி உருண்டை உருண்டையான எழுத்துக்கள்.

முதல் நாள் அவளால் ஊதவே முடியவில்லை. மூக்கில் கிளிப்பை மாட்டியதும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததைப் பார்த்து வரிசையில் இருந்த மற்றப் பெண்களும் சிரித்தார்கள். நான் "ஊதுங்க ஊதுங்க" என்று கத்தக் கத்த, இரண்டு விநாடிக்கு மேல் அவளுக்குக் காற்று நிற்கவில்லை. ஏழு தடவை ஆயிற்று. எட்டுத் தடவைக்கு மேல் ஒருவரை ஊத வைக்கக் கூடாது என்பது விதி. சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்று, "அவீங்களுக்கெல்லாம் இது வராதுங்க மேடம், அடுத்த ஆளப் பாருங்க" என்றார்.

அவள் கையைத் தூக்கி, "இன்னொரு வாட்டிங்க" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். எட்டாவது தடவை ஊதியபோது திரையில் கோடு ஏறி, வளைந்து, நிதானமாகப் படுத்து, ஒன்பது விநாடி போயிற்று. அன்றைக்கு அந்தக் குடோனில் யாரும் அவ்வளவு நேரம் ஊதவில்லை.

"என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"எங்க ஊர்ல ஆறுங்க. படகு அந்தப் பக்கம் நிக்குமுங்க. படகுக்காரருக்குக் காது கொஞ்சம் கம்மிங்க. இந்தப் பக்கம் நின்னு அவரக் கூப்பிடோணும். அதை நெனச்சுக்கிட்டேனுங்க" என்றாள்.

அவளுடைய தமிழ் முழுக்கத் திருப்பூரில் கற்றது. குடோனிலும் மளிகைக்கடையிலும் தண்ணீர் பிடிக்கிற இடத்திலும் காதில் விழுந்ததை வைத்துச் சேர்த்துக்கொண்ட தமிழ். இங்கே எல்லோரும் எதற்கும் ஒரு 'ங்க' போடுவதைக் கேட்டு, அது மொழியின் இலக்கணம் என்றே நினைத்துவிட்டாள் போல. பூனையைக் கூட "போங்க" என்றுதான் விரட்டுவாள்.

கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள். "இந்தக் காத்த வச்சு என்னங்க பண்ணுவீங்க?"

"கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சுக்குவோமுங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து மறுபடி எடுப்போம். கொறையுதா, அப்படியே இருக்குதான்னு பாக்கோணும்."

"கொறஞ்சாங்க?"

இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். டாக்டரிடம் அனுப்புவோம் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்து நீலத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதோடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆய்வில் இன்னொரு பகுதி இருந்தது. சிலரை மட்டும் தேர்ந்தெடுத்து, பிளாஸ்டிக் குழாய் மாதிரி ஒரு சின்ன மீட்டரைக் கையில் கொடுத்துவிடுவோம். வேலைக்குப் போகும் முன்பு ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை அதில் ஊதி, முள் எங்கே நிற்கிறதோ அந்த எண்ணை நோட்டில் குறிக்க வேண்டும். பஞ்சுத் தூசியில் வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போதுதான் நெஞ்சு அதிகமாக இறுகும். ஒரு நாள் நல்ல காற்றில் இருந்துவிட்டு மறுபடி தூசிக்குள் நுழைவதால் வருவது அது. அந்தத் திங்கட்கிழமை எண்கள்தான் டாக்டரம்மாவுக்கு முக்கியம். அதனால் செவ்வாய்க்கிழமைதோறும் சாயங்காலம் நான் அவர்களுடைய அறைகளுக்குப் போய் நோட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. தேர்ந்தெடுத்தவர்களில் அவளும் ஒருத்தி.

அவள் இருந்தது ஒரு லைன் வீட்டில், வரிசையாகப் பத்து அறைகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. அவளும் கணவனும் இருந்தார்கள். கணவன் சாயப்பட்டறையில் ஷிப்ட் வேலை. நான் போகும்போது பெரும்பாலும் வேலைக்குப் போயிருப்பான், அல்லது முகத்தில் துண்டைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான். ஐந்து வயதில் ஒரு மகள் ஊரில், இவளுடைய அம்மாவிடம்.

மீட்டருக்கு அந்த லைன் வீட்டில் பீப்பி என்று பெயர் வந்துவிட்டது. "பீப்பி மேடம் வந்துட்டாங்க" என்று குழந்தைகள் கத்தும். அவள் தலைமுடியில் அன்றைக்குப் பிரித்த நிறம் ஒட்டியிருக்கும். சிவப்பு, மஞ்சள், ஒரு வாரம் முழுக்கக் கறுப்பு. நோட்டை எடுத்துக் கொடுப்பாள். எண்களைத் தவறில்லாமல் எழுதுவாள். ஓரத்தில் இருக்கிற வெற்றிடத்தில் மீன், படகு, கொண்டை போட்ட ஒரு சின்னப் பெண் என்று எதையாவது வரைந்திருப்பாள். நோட்டில் எண்களைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியது என் வேலை. நான் சொல்லவில்லை.

முதலில் என்னை மேடம் என்றாள். பிறகு அக்கா. ஒருநாள் வயதைக் கேட்டாள். அவளை விட நான் மூன்று வயது சின்னவள் என்று தெரிந்ததும் யோசித்துவிட்டு, "அப்ப நீங்க தம்பிங்களா?" என்றாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தங்கச்சி என்று திருத்திக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எப்போதும் "தங்கச்சிங்க" தான். "வாங்க தங்கச்சிங்க. உக்காருங்க தங்கச்சிங்க. ஒரு வாய் சாப்பிடுங்க தங்கச்சிங்க."

தண்ணீர் ஊற்றி வைத்த சோறு, அதற்குத் தொட்டுக்கொள்ள உளுந்து வடகத்தை வறுத்து நொறுக்கிப் பூண்டும் பச்சை மிளகாயும் கலந்து தருவாள். ஆய்வில் பங்கெடுப்பவர்கள் வீட்டில் எதுவும் சாப்பிடக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஆனால் கூடாது என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டேன். என் செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் அவள் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். மற்ற வீடுகளில் பத்து நிமிடம். அவள் வீட்டில் ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்தில் பெரிதாக எதுவும் பேசியதாக நினைவில்லை. மகள் போனில் என்ன சொன்னாள் என்று சொல்வாள். "இன்னிக்கு என்னை ஆன்ட்டின்னு கூப்பிடுதுங்க" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, சாதாரணமாகச் சிரிக்கப் பார்த்தாள். எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதைப் பற்றி நான் சொல்வேன். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. வீட்டில் பேச முடியாததை அங்கே பேசினேன். மேலே படிக்க வேண்டும், ஆய்வில் சேர வேண்டும் என்று எனக்கிருந்த ஆசையை முதலில் சொன்னது அவளிடம்தான். அவளுக்கு அந்தப் படிப்பு என்னவென்று தெரியாது. "படிங்க தங்கச்சிங்க, படிச்சு இந்தத் தூசிக்கு ஒரு மருந்து கண்டுபுடிங்க" என்றாள்.

டாக்டரம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. வாரம் ஒருநாள் கோவையிலிருந்து வருகிறவர், என் வருகைப் பதிவைப் பார்த்துக்கொண்டே நிமிராமல் கேட்டார். "இந்த ஒரு வீட்டுல மட்டும் ஏன்மா இவ்வளவு நேரம்?"

அவரே தொடர்ந்தார்.

"தப்புன்னு சொல்லல. நம்மளப் புடிச்சுப்போனா, நமக்காக ஒருத்தர் இன்னும் கொஞ்சம் வேகமா ஊதுவாங்க. நெஞ்சு இறுக்கமா இருக்குதான்னு கேட்டா, நம்ம மனசு கஷ்டப்படும்னு இல்லைம்பாங்க. அப்புறம் நம்ம கையில இருக்கிறது அவங்க நுரையீரலா, அவங்க பாசமான்னு நமக்கே தெரியாது. அதுக்குத்தான் சொல்றேன்."

அவர் சொன்னது சரி. ஆறு மாதச் சோதனையின் மூன்றாவது சுற்றில் அதைக் கண்ணால் பார்த்தேன். நோட்டில் திங்கட்கிழமை சாயங்கால எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. காலையில் முந்நூற்று முப்பது ஊதினால் சாயங்காலம் இருநூற்று எழுபது. கேள்வித்தாளை வைத்துக்கொண்டு கேட்டேன். "திங்கக்கெழம நெஞ்சு இறுக்கமா இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"இருமல்?"

"இல்லீங்க தங்கச்சிங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் இருமினாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் பேனாவை மூடிவிட்டேன்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டுடன் அவளை ஸ்கூட்டியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். காசநோய் இல்லை என்றார்கள். மூச்சோடு உறிஞ்சுகிற மருந்து கொடுத்து, தூசியில்லாத வேலைக்கு மாறச் சொன்னார்கள். திரும்பி வரும் வழியில் டீக்கடையில் நின்றோம். "தூசி இல்லாத வேலைன்னா எங்கங்க இருக்குது?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டாள்.

என் பெரியப்பா மகன் பெருமாநல்லூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். அவனிடம் போய் நின்றேன். தைத்து முடித்த பனியனில் தொங்குகிற நூலை வெட்டி, ஓட்டை இருக்கிறதா என்று மேஜையில் விரித்துப் பார்க்கிற வேலை. "ஹிந்திக்காரங்க நாளைக்கே ஓடிப் போயிடுவாங்க கண்ணு" என்றான். "அவ ஹிந்திக்காரி இல்லீங்கண்ணா, ஒடியா. ஓடிப் போகமாட்டா" என்றேன். அவன் சேர்த்துக்கொண்டான்.

ஆய்வில் இருப்பவரின் வேலையையே மாற்றிவிட்டேன் என்று டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நாம பாக்கத்தான் வந்திருக்கோம். ஆனா பாத்துக்கிட்டே இருந்தா அதுவும் தப்புதான்" என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "என்னைக்கு மாறினாங்கன்னு தேதி போட்டு எழுதி வை. மறைக்காத" என்றார்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம். என் வாழ்க்கையில் நான் திரும்பக் கேட்டுப் பெற முடியும் என்றால் அந்த ஐந்து மாதத்தைக் கேட்பேன். அவள் பெருமாநல்லூர் பஸ்ஸில் வந்து இறங்குவாள். மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிடுவாள். அம்மா முதலில் முகத்தைத் தூக்கினாள். பிறகு அம்மாவே, "ஏங்கண்ணு, அந்தப் புள்ளைய இன்னும் காணம்" என்று வாசலைப் பார்க்க ஆரம்பித்தாள். அவளுடைய நோட்டில் திங்கட்கிழமை எண்கள் மெல்ல ஏறின. முந்நூறு. முந்நூற்றுப் பத்து. ஒரு திங்கட்கிழமை காலையும் சாயங்காலமும் ஒரே எண். அந்தப் பக்கத்தை நான் போட்டோ எடுத்து வைத்தேன். ஓரத்தில் ஒரு கோழி வரைந்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பிட வந்தவள் சாப்பிடவில்லை. ஊரில் அவளுடைய அம்மா குளத்துப் படியில் வழுக்கி விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாளாம். மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. மறுநாள் காலை ரயிலுக்கே கிளம்புகிறார்களாம்.

"ஒரு மாசமுங்க தங்கச்சிங்க. அம்மாவ நிக்க வச்சுட்டு, புள்ளையவும் கூட்டிக்கிட்டு வந்துர்றேனுங்க. இங்கயே பள்ளிக்கோடத்துல சேத்துர்லாமுங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என்னைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடாகியிருந்தது. ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். காலையில் போய்விட்டு ஒன்பது மணிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் எட்டு மணிக்கே வந்துவிட்டார்கள். பட்டுப் புடவையுடன் காபித் தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றபோது உள் அறையில் என் போன் அடித்தது. அடித்து நின்றது. மறுபடி அடித்தது. அன்றைக்கு வந்தவர்தான் என் கணவர், நல்ல மனிதர். ஆனாலும் அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த போன் அடித்த சத்தம்தான்.

மாப்பிள்ளை வீட்டார் கிளம்பியதும் அவளைத் திரும்பக் கூப்பிட்டேன். ரயில் ஈரோட்டைத் தாண்டியிருந்தது. பெட்டிக்குள் இரைச்சல். "மாப்பிள்ளை எப்படிங்க?" என்று கேட்டாள். "பரவாயில்ல" என்றேன். "பரவாயில்லன்னா நல்லா இருக்காருன்னு அர்த்தமுங்க" என்றாள். மருந்து எடுத்துக்கொண்டாயா என்று கேட்டேன். "எடுத்துக்கிட்டேனுங்க. பீப்பியும் கையில இருக்குதுங்க. ஊர்லயும் ஊதி எழுதுவே—" அதோடு சிக்னல் போய்விட்டது.

அவளோடு நான் பேசியது அதுதான் கடைசி.

ஒரு மாதம் பொறுத்தேன். அடுத்த மாதம் அவள் எண் அடித்தது, எடுக்கவில்லை. அதற்கடுத்து அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. கணவனின் எண் உபயோகத்தில் இல்லை. லைன் வீட்டில் அவர்கள் அறையில் வேறு குடும்பம் வந்துவிட்டது. பீகார்க்காரர்கள். வேலை கொடுத்த பெரியப்பா மகனிடம் கேட்டால், "நாந்தான் அன்னிக்கே சொன்னனல்லோ" என்று ஒரே வரியில் முடித்தான். குடோன் சூப்பர்வைசரைப் பார்க்கப் போனேன். அவர் மட்டும் கொஞ்சம் இறங்கிப் பேசினார்.

"அவீங்க ஊருக்குப் போனா, வந்தாத்தானுங்க நெசம். நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

ஆளைக் கூட்டி வந்த காண்ட்ராக்டரின் எண்ணை அவர்தான் கொடுத்தார். காண்ட்ராக்டர் கொடுத்த இன்னொரு எண்ணில் ஒரு கிழவர் ஒடியாவில் பேசினார். லைன் வீட்டிலிருந்த ஒடியாப் பையனிடம் போனைக் கொடுத்துப் பேசச் சொன்னேன். தவறான எண் என்றான். எங்கள் படிவத்தில் அவளுடைய ஊர் என்ற இடத்தில் மாவட்டத்தின் பெயரை மட்டுமே எழுதியிருந்தோம். கிராமத்தின் பெயரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒன்றரை வருடம் செவ்வாய்க்கிழமைதோறும் அவள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் தோன்றவில்லை. ஆறு தெரியும். படகுக்காரருக்குக் காது கேட்காது என்று தெரியும். அந்த ஊரின் பெயர் தெரியாது.

ஆய்வின் விதிப்படி மூன்று முறை போனில் முயற்சி செய்ய வேண்டும். ஒரு முறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு படிவத்தில் ஓர் எண்ணைப் போட்டு மூடிவிட வேண்டும். ஒன்று என்றால் இறந்துவிட்டார். இரண்டு, விலகிக்கொண்டார். மூன்று, இடம் மாறினார், முகவரி தெரியும். நான்கு, தொடர்பு கிடைக்கவில்லை. மற்றவர்களுக்கு யோசிக்காமல் நான்கு போட்டிருக்கிறேன். இந்தத் தொழிலில் ஆட்கள் நகர்ந்துகொண்டேயிருப்பார்கள். அவளுடைய படிவத்தை மட்டும் நான்கு மாதம் மூடாமல் வைத்திருந்தேன்.

டாக்டரம்மா ஒருநாள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் போடட்டுமா?" என்றார். வேண்டாம் என்று சொல்லி நானே போட்டேன்.

ஆய்வு முடிந்த வருடம் கல்லூரி அரங்கில் ஒரு கூட்டம். கம்பெனி முதலாளிகள் சிலர், டாக்டர்கள், மாணவர்கள். டாக்டரம்மா திரையில் படங்களைக் காட்டிப் பேசினார். ஒரு படத்தில் ஆய்வில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு மெல்லிய சாம்பல் நிறக் கோடு. எல்லாம் சேர்ந்து, சிக்கிக் கிடக்கிற நூல் மாதிரி இருந்தது. நடுவில் தடிமனாக ஒரு கறுப்புக் கோடு, சரிந்துகொண்டே போயிற்று. எல்லோரும் கறுப்புக் கோட்டைப் பார்த்தார்கள். நான் சாம்பல் கோடுகளுக்குள் தேடினேன். மூன்றாவது சுற்றில் சட்டென்று இறங்கி, நான்காவதில் லேசாக ஏறி, அங்கேயே நின்றுவிட்ட கோடு ஒன்று இருந்தது. அவளாகத்தான் இருக்க வேண்டும். அந்த எண்களை அனுப்பியது நான். அடுத்த படத்துக்குப் போகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் ஒரு முதலாளி கையைத் தூக்கி, முகமூடி கொடுத்தாலும் போட மாட்டேன் என்கிறார்களே, என்ன செய்வது என்று கேட்டார். டாக்டரம்மா பொறுமையாக விடை சொன்னார். அதற்குப் பிறகு தூசியை உறிஞ்சுகிற விசிறிகள் வைத்த ஒன்றிரண்டு இடங்கள் எனக்குத் தெரியும். அந்தக் கூட்டம் வீண் என்று சொல்ல மாட்டேன்.

வேலை முடிந்ததும் கருவி, லேப்டாப், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். ஆய்வுக்காகக் கொடுத்த சிம் கார்டையும் ஒப்படைக்க வேண்டும். அதை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். நாங்கள் எல்லோருக்கும் கொடுத்த தகவல் தாளின் அடியில், சந்தேகம் இருந்தால் அழைக்கவும் என்று அச்சிட்டிருந்தது அந்த எண்தான். டாக்டரம்மா ஏன் என்று கேட்கவில்லை. என் பெயருக்கு மாற்றிக் கொடுக்க ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

மேலே படிக்கவில்லை. கல்யாணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது. இப்போது ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறேன். துணி தண்ணீரில் சுருங்குகிறதா, வியர்வையில் சாயம் விடுகிறதா என்று பார்த்து எழுதித் தருகிற வேலை. சுத்தமான, குளிர்சாதனம் போட்ட அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையுடன் கடைவீதிக்குப் போகும்போது வடக்கத்திப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வளையல் வாங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் யாராவது கடைக்காரரிடம் "குடுங்க", "இல்லீங்க" என்று அந்த இழுவையோடு சொன்னால் என் கால் நின்றுவிடும். "யாரைப் பாக்கற?" என்று கணவர் கேட்பார். தெரிந்தவர்கள் மாதிரி இருந்தது என்பேன். அவருக்கு விஷயம் தெரியும். கேட்டுவிட்டு விட்டுவிடுவார்.

அந்தப் பழைய சிம்மை ஒரு பழைய போனில் போட்டு, பைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். வருஷக்கணக்கில் கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்பவர்களைத் தவிர அதில் யாரும் கூப்பிட்டதில்லை. போன மழைக்காலத்தில் ஒருநாள் மதியம், சாயச் சோதனைக்குத் துணியை ஊற வைத்துவிட்டு வந்து பார்த்தபோது, தெரியாத எண்ணிலிருந்து ஒரு தவறிய அழைப்பு இருந்தது. அந்த எண் ஒடிசா என்று திரை காட்டியது.

மாடிப்படிக்குப் போய் நின்று கூப்பிட்டேன். இரண்டாவது ரிங் முடிவதற்குள் எடுத்தார்கள். ஒரு சிறுமியின் குரல், பத்துப் பன்னிரண்டு வயதிருக்கலாம். "ஹலோ" என்றாள். நான் தமிழில் என்னென்னவோ சொன்னேன். பிறகு சுதாரித்துக்கொண்டு, "மா? மா?" என்று மட்டும் கேட்டேன்.

"மா காமகு ஜாயிச்சி" என்றாள்.

காம் என்றால் வேலை. கம்பெனியில் தினமும் கேட்கிற ஹிந்தியிலும் அதே சொல்தான். அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள். நான் "திருப்பூர்" என்றேன். பிறகு அந்தச் சிறுமி "திருப்பூரு?" என்று அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். தொடர்ந்து வேகமாக ஏதேதோ சொன்னாள், கேள்வி மாதிரி முடித்தாள். எனக்கு ஒரு சொல் கூடப் புரியவில்லை. என் பெயரைச் சொன்னேன். "தங்கச்சி" என்றும் சொல்லிப் பார்த்தேன். பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். ஆண் குரல். போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் எங்கள் கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிற ஓர் ஒடியாப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாளும். அந்த வாரம் முழுக்கவும்.

அது அவளுடைய மகள்தான் என்பதற்கு என்னிடம் எந்த நிரூபணமும் இல்லை. எங்கள் தகவல் தாள் வேறு யாரிடமாவது போயிருக்கலாம். கை தவறி அழுத்தியிருக்கலாம். ஆய்வில் இருந்தவர்களில் ஒடிசாக்காரர்கள் இன்னும் பலர். இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் போனில் நானே சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "அவங்க எப்படி இருக்காங்களாம்? இருமல் இருக்குதா?" என்று கேட்டார்.

"தெரியலைங்க மேடம். கொழந்ததான் பேசுச்சு. அம்மா வேலைக்குப் போயிருக்குதுன்னுச்சு."

"வேலைக்குப் போற அளவுக்கு இருக்காங்க" என்றார். என்ன வேலை என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. செங்கல் சூளையா, வயலா, இன்னொரு ஊரில் இன்னொரு குடோனா என்று எனக்குள் ஓடியதுதான் அவருக்குள்ளும் ஓடியிருக்கும். "படிவம் இனிமே தெறக்க முடியாதும்மா. எல்லாத்தையும் பூட்டியாச்சு" என்றார். நான் அதற்காகக் கூப்பிடவில்லை என்று அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் குழந்தைக்குத் தலை துவட்டிவிட்டு அந்த ஒடிசா எண்ணுக்கு ஒரு தடவை கூப்பிடுவேன். முதலில் ஒடியாவில் ஒரு பெண் குரல், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நிதானமாகச் சொல்லும். பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லும். ஆங்கிலம் வந்ததும் துண்டித்துவிடுவேன். ஒடியாவில் சொல்வதை மட்டும் முழுவதும் கேட்டுவிடுவேன்.